அடைக்கோழியும் பொதுக்கூடும்

தமிழில் 'அடை' என்னும் சொல்லுக்குச் சுற்றம் பெரிது. ஓரிடத்தை அடைதல், கதவை அடைத்தல், அடைக்கலம் புகுதல் யாவும் அச்சொல்லோடு நெருங்கி நிற்பவை. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆய்ச்சியிடம் ஒப்படைத்தது இம்மதுரையின் புறஞ்சேரியில்தான். அக்காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் உள்ளம் மாட்டுத்தாவணிக் கோழிக்கூடு ஒன்றை நாடிச் சென்றுவிடும். காப்பியத்தை விட்டுக் கோழிக்குத் தாவுவதா என்று மூத்த பேராசிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும், அடைக்கோழியைப்போல் பிறர் பொருளைத் தன் பொருளென எண்ணிக் காக்கும் உயிர் வேறுண்டோ?

இன்று மாட்டுத்தாவணி என்றதும் 1999-இல் தொடங்கிய பேருந்து நிலையமே எவர்க்கும் நினைவுக்கு வரும். தாவணி என்பது மாட்டுச்சந்தை என்பதையும், அப்பெயர் அங்குக் கூடிய சந்தையால் வந்தது என்பதையும் இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் அரிது. எழுபதுகளின் இறுதியில் அப்பகுதியை ஒட்டிய ஒரு வளவில் மூன்று வீட்டார் குடியிருந்தோம். கிணறு ஒன்று, கோழிக்கூடும் ஒன்று. மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த அக்கூட்டில் மூன்று வீட்டுக் கோழிகளும் ஒருங்கே அடையும். பகலில் எவர் கோழி எவர் முற்றத்தில் மேய்ந்தாலும் கேட்பாரில்லை.

அவ்வாண்டு மழைக்காலத்தில் கழிச்சல் நோய் வந்து வளவின் கோழிகளுள் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போயிற்று. அடுத்த வீட்டில் இருந்த, நாங்கள் 'நன்னி' என்றழைத்த மூதாட்டிக்கு மிஞ்சியவை இரண்டே பெட்டைகள். கணவரை இழந்த அவருக்கு முட்டையும் குஞ்சும் விற்ற காசே கைச்செலவு. அவ்விரண்டும் முட்டையிட்டனவேயன்றி அடைக்குப் படுக்கவில்லை. தை பிறந்ததும் என் அப்பத்தாவின் கறுப்புக்கோழி அடைக்குப் படுத்தது. தம் ஏழு முட்டைகளோடு நன்னியின் ஆறு முட்டைகளையும் சேர்த்துப் பதின்மூன்றாக அப்பத்தா அடைவைத்தார். மூங்கிற்கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோலிட்டு, இடி இடித்தால் கரு கலங்காதிருக்க ஓர் இரும்புத்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓரத்தில் வைத்தார். இரும்புக்கும் இடிக்கும் என்ன உறவென்பதை அறிவியல் துறையினர் சொல்லட்டும். ஆனால் அடுத்து அவர் செய்தது எந்த அறிவியலுக்கும் உடன்பாடானது. கரித்துண்டால் தம் முட்டைகளில் கோடும் நன்னியின் முட்டைகளில் வட்டமும் இட்டார்.

பொதுக்கூட்டில் அக்குறி இன்றியமையாதது. முட்டையிடவரும் கோழி, ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடத்தையே விரும்பித் தேடும். அடைக்கோழி இரைக்கு எழும் வேளையில் வேறொன்று புகுந்து தன் முட்டையைச் சேர்த்துவிடும். கோழி முட்டை பொரிய 21 நாள் வேண்டும். பத்தாம் நாள் சேர்ந்த முட்டைக்குக் கெடு முப்பதாம் நாளில்தான் முடியும். முந்திய குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் அவற்றோடு எழுந்து போய்விடும். பிந்திய கருக்கள் ஓட்டுக்குள்ளேயே மடியும். ஆதலால் குறியில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடல் வேண்டும். கரிக்குறியோ கோழியின் மார்புபட்டு அழியும். மூன்று நாளுக்கொருமுறை அதனைப் புதுப்பிப்பது சிறுவனாகிய என் பணி.

ஏழாம் நாள் இரவு அரிக்கேன் விளக்கொளியில் முட்டைகளைப் பார்த்தோம். கரு கூடியதில் செந்நரம்புகள் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தன. கோட்டில் ஒன்றும் வட்டத்தில் ஒன்றும் வெறும் மஞ்சளாய்த் தெரிந்தன. வகுப்பில் நாம் எளிதாக வாய்விடும் 'கூமுட்டை' என்னும் வசவு, கரு கூடாத இத்தகைய முட்டைகளிலிருந்து வந்ததே.

இடர் பத்தாம் நாள் நேர்ந்தது. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை சிறிதுநேரமே எழுந்து இரையும் நீரும் கொள்ளும். அது திரும்புமுன் மூன்றாம் வீட்டுப் பெட்டை கூடையில் அமர்ந்துவிட்டது. கறுப்புக்கோழி பக்கத்து வெறுங்கூடையில் ஏறி, ஒன்றுமில்லாத வைக்கோலை உச்சிப்பொழுதுவரை அடைகாத்தது! வந்தவள் முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தாள். முதலில் கண்டவர் நன்னி. முட்டையொன்றை எடுத்து இமைமேல் வைத்துப் பார்த்தவர் வாய் திறக்கவில்லை. அப்பத்தாவோ, "தங்கச்சி, கலங்காதே, குளிர்ந்தாலும் உடனே போகாது" என்று சொல்லிக் கோழியைத் தூக்கி முட்டைகள்மேல் விட்டார். அன்றிரவே கூடையோடு கோழியை எங்கள் அடுப்படி மூலைக்கு மாற்றினார். இருட்டில் கோழிக்குக் கண் சரிவரத் தெரியாது. அப்போது இடம் மாற்றினால் முரண்டு பிடிக்காமல் படுத்துக்கொள்ளும்.

அடைக்கு ஆட்படுத்தும் சுரப்பினைப் புரோலாக்டின் என்பர். மிகுதியான முட்டைக்கெனப் பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் இனத்தில் அவ்வியல்பு பெரிதும் நீங்கிவிட்டது. நாமக்கல்லில் பொறிகளே தாயாகிவிட்டன. இதுவும் முற்றிலும் புதுமையன்று. 1200-ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் தங்கிய அறிஞர் அப்துல் லத்தீப் அல்-பக்தாதி, அந்நாட்டார் வெப்பக்கூடங்களில் முட்டை பொரிக்கும் முறையை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

21-ஆம் நாள் எட்டுக் குஞ்சுகள் வந்தன. எஞ்சியவை மூன்று. மறுநாள் தாய் எழ முற்பட்டபோது, அப்பத்தா அம்மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டார். ஒன்று மட்டும் மெல்ல ஆடிற்று. அதனைத் துடைத்து மீண்டும் தாயின்கீழ் வைத்தார். மறுநாட் காலை அதுவும் ஓட்டை உடைத்து வந்தது. ஓட்டில் இருந்தது வட்டம்.

ஏனைய எட்டின் ஓடுகளோ நொறுங்கிக் கலந்துவிட்டன. எது எவர் குஞ்சென்று கூறுவார் இலர். நன்னியின் நிலையறிந்த அப்பத்தா, ஆறு குஞ்சுகளை அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நன்னி உடன்படவில்லை. "கோழி உங்களது, தீனி உங்களது. வாரத்துக்கு விட்டதுபோல் பாதி போதும் அக்கா. கூடுதலாக வாங்கினால் நாளைக்கு எந்த முகத்தோடு முட்டை கொண்டுவருவேன்?" என்றார். அப்பத்தா சற்றே வருந்தினார் என்றே கருதுகிறேன். ஒன்பதைப் பாதியாக்குவது எப்படி என்று இருவரும் எண்ணியிருக்க, மறுவாரம் பருந்து ஒன்றைத் தூக்கிச்சென்றது. எவருடையது போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. பஞ்சாரத்தடியில் எஞ்சிய எட்டையும், தாயைப் பிரியும் பருவம் வந்ததும், நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டனர்.

நன்னியின் நான்கில் மூன்று பெட்டைகளாயின. ஆவணி முடிவதற்குள் அவற்றுள் ஒன்று முட்டையிடத் தொடங்கிற்று. அதுவும் எங்கள் அடுப்படி மூலையில் கிடந்த அந்தப் பழைய கூடையைத் தேடிவந்து.