நாகையிலிருந்து கடல்வழி

புதன் இரவு, திருச்சி மன்னார்புரம்

நாளை நாகப்பட்டினம். மறுநாள் காலையில் காங்கேசன்துறைக்குக் கப்பல். பாஸ்போர்ட், இலங்கை போக ஆன்லைனில் வாங்கிய அனுமதி, மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

"கப்பல்ல போகணும்னா மத்தியதரைக் கடலுக்குப் போயேன். டுப்ரோவ்னிக், வல்லெட்டா, அமால்ஃபின்னு ஊர் ஊரா இறங்கிப் பாத்துட்டு வரலாம்" என்றாள் அக்கா, போனில். எனக்கும் ஆசை உண்டு. கோட்டை மதிலைக் கடலிலிருந்து பார்த்தபடி பாய்மரப் படகில் ஒரு பழைய துறைமுகத்துக்குள் நுழைவது யாருக்குத்தான் பிடிக்காது?

அந்தக் கடலுக்கு இந்த ஊரிலிருந்தே ஒரு வழி போயிருக்கிறது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரியக் கடல் பெரிப்ளஸ்', 'அர்காரு' என்னும் ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. செங்கடல் துறைகளில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் நதிக்குப் போகும். அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா. அதன் பிறகு மத்தியதரைக் கடல்தான். இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய உறையூரின் தறித்துணி, ரோமாபுரிச் சந்தை வரை போன பாதை இது.

வியாழன், நாகப்பட்டினம்

தஞ்சாவூர், திருவாரூர் வழியாகப் பஸ். வயலும் வாய்க்காலுமாகவே வந்து, கடைசியில்தான் உப்புக்காற்று.

இந்த ஊருக்குப் பஸ்ஸில் வந்து இறங்குவது கொல்லைப்புறமாக நுழைவது மாதிரி. நாகையின் தலைவாசல் கடல். ராஜராஜன் காலத்தில், 1006ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழ அரசு கொடுத்ததைத்தான் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. நாகையில் பல நூற்றாண்டு நின்ற ஒரு பௌத்தக் கோபுரத்தைப் 'புதுவெளிக் கோபுரம்' என்பார்கள். மாலுமிகளுக்குக் கரையை அடையாளம் காட்டிய கட்டடம் அது. 1867இல் இடித்துவிட்டார்கள். இங்கே மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் படிமங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மாலையில் நாகூர் போனேன். தர்காவின் பெரிய மினாராவை அண்ணாந்து பார்த்தபோது, கடலில் இருப்பவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்றே மனம் ஓடியது. வடக்கே தரங்கம்பாடியும் அப்படித்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தே நிற்கிறது. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், பின்னர் அச்சு இயந்திரம் வந்ததும் அந்தக் கடல் வழியாகத்தான்.

எங்கள் தாத்தாவும் நாகைக் கரையில்தான் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். 1926இல் கட்டிய அந்தக் கப்பலில், திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவர் போயிருப்பார்.

வெள்ளி, கடலில்

குடியேற்றச் சோதனை முடிந்து கப்பலில் உட்கார்ந்தாயிற்று. பெயர் 'சிவகங்கை'. நூற்றைம்பது பேர் போகலாம். 2023 அக்டோபரில் 'செரியபாணி' என்ற கப்பலோடு இந்தச் சேவை தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடுகிறது.

கடுவையாற்று முகத்துவாரம் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் கலங்கல் சட்டென்று முடிந்து பச்சை. சற்று நேரத்தில் கருநீலம். இடப்பக்கம் வெயில் ஏறுகிறது. முன்சீட்டுப் பாட்டி பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முகர்ந்துகொண்டே வந்தார். பேத்தி கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போகிறாராம். விமானத்தில் இத்தனை மூட்டை கொண்டுபோக முடியாது என்றார்.

திருச்சியிலிருந்து நாகைக்குச் சாலை வழியே சுமார் 140 கிலோமீட்டர். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடலில் சுமார் 110தான். நாலு மணி நேரத்தில் பனைமரங்கள் கோடு கிழித்தாற்போல் எழுந்தன.

சனி, வல்வெட்டித்துறை

காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலுள்ள ஊர். வீட்டு வாசலுக்கு எதிரே கடல். கடலோரத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கையிருந்து வாறியள், பிள்ளை?"

"திருச்சியிலேர்ந்து ஐயா. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினேன்."

"கப்பலிலையோ! என்ர அப்பா தோணியில நாகபட்டினம் போய் வந்தவர். சோழகக் காத்தில பாய் விரிச்சால் வடக்கை போறது சுகம் எண்டு சொல்லுவார்."

இந்த ஊர்த் தோணிகள் ரங்கூன் வரை போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தவை. அவற்றில் ஒன்றுதான் 'அன்னபூரணி'. இங்கேயே மேஸ்திரிமார் கட்டிய, 89 அடி நீளப் பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். இந்த ஊர்த் தண்டையலும் மாலுமிகளும் அதை ஏடன், சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் செலுத்தி, ஜிப்ரால்டர் தாண்டி, அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தார்கள். அக்கா சொன்ன அந்தக் கடலில் தமிழர்கள் பாய் விரித்துப் போயிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகவில்லை, கப்பலோட்டிகளாகவே போனார்கள். பெரியவரிடம் கேட்டபோது, தன் தகப்பனைப் பற்றிச் சொல்கிற உரிமையோடு அவர் இந்தக் கதையைச் சொன்னார்.

ஞாயிறு, யாழ்ப்பாணம்

கோட்டை மதிலில் ஏறி நின்றேன். போர்த்துகீசியர் தொடங்கியதை 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் எடுத்துக் கட்டினார்கள். அதே 1658இல்தான் நாகையும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இரண்டு கரைகளுக்கும் ஒரே ஆண்டில் ஒரே எஜமானர்கள். ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் கதை பாதிதான்.

மத்தியதரைக் கடலோர ஊர்களுக்கு உள்ள பழமையும் அழகும் நம் கரைக்கு உண்டு. அங்கே ஊரையும் ஊரையும் இன்னும் கப்பல் இணைக்கிறது. கிரேக்கத் தீவுகளுக்கு மளிகைச் சாமானோடு நோயாளி, மாணவர், சுற்றுலாக்காரர் எல்லோரும் ஒரே கப்பலில்தான் போகிறார்கள். உள்ளூர்க்காரர் தேவைக்காக ஓடுகிற கப்பல் இருப்பதால்தான் வெளியூர்க்காரர் பார்க்க வர முடிகிறது. நாம் 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்தோம். பிறகு இலங்கைப் போரில் தலைமன்னார்க் கப்பலையும் இழந்தோம்.

ஆகவே 'சிவகங்கை' நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் ஓய்வெடுக்கட்டும், தை பிறந்ததும் தவறாமல் வரட்டும். கட்டணம், தோணியில் போய் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகட்டும். அடுத்து தரங்கம்பாடி, காரைக்கால், புதுச்சேரி என்று கரையோரமாகவே சிறு கப்பல்கள் ஓடட்டும். கடலைப் பார்த்துக் கட்டிய ஊர்களைக் கடலில் நின்று பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.