ஆறப் பொறுத்தல்

தன் கையே தனக்கு உதவி என்பதில் உறுதியான பற்றுடையவர் அந்த இயற்பியல் ஆசிரியர். தம் பழைய மகிழுந்தின் சிறு பழுதுகளைத் தாமே சரிசெய்வார். பணிமனைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது அவர் எண்ணம்.

பங்குனி மாத நண்பகல் ஒன்றில், வெளியூர் சென்று திரும்பிய வண்டியின் வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கும் எனக் கணித்தார். கணிப்பு சரியே. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். குடத்தில் நீர் கொண்டுவந்த மகனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் மூடிமேல் துணியைப் போட்டுத் திருகினார். மறுகணமே மூடி தெறித்தது. கொதிநீரும் ஆவியும் பீறிட்டு எழுந்தன. அவரது வலக்கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இறுக மூடிய ரேடியேட்டரிலோ அழுத்தம் மிகுவதால், அவ்வெப்பநிலையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்து அழுத்தம் விடுபட்டதும் அதன் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி, எஞ்சிய நீரையும் வெளியே தள்ளும். குக்கரை எடுத்துக்காட்டி இதனை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவர் அவர். அவர் வீட்டு அடுக்களையிலும் ஆவி அடங்காமல் எவரும் குக்கரைத் திறப்பதில்லை.

அறிவு அவரிடம் இருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லை. ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் அன்றோ?

சில வாரங்கள் கழித்து, கைக்கட்டுடன் வகுப்புக்கு வந்த அவர், சுண்ணக்கட்டியை மாணவன் ஒருவனிடம் கொடுத்தார். "கொதிநிலையும் அழுத்தமும் என்று எழுது" என்றார்.