கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி

மருந்துக்கடை வைக்க உரிமம் வேண்டும். 'மனநல ஆலோசனை வழங்கப்படும்' என்று பலகை மாட்ட நம் நாட்டில் நெடுங்காலமாக எதுவுமே வேண்டியிருக்கவில்லை. உடைந்துபோய் வருகிறவரிடம் அரைகுறைப் பயிற்சியோடு பேசுவது எத்தனை ஆபத்தானது!

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரை வரையறுத்தது. பள்ளியிலும் குடும்ப நீதிமன்றத்திலும் உட்கார்ந்து அழுகையைக் கேட்கும் கவுன்சிலர் அந்தப் பட்டியலில் இல்லை. சுகாதாரம் சார்ந்த ஆலோசகர்களை 2021இல் வந்த, துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் சேர்த்துக்கொண்டது. இனி படிப்புக்குத் தரம் உண்டு, மாநில அளவில் பதிவும் உண்டு. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு கவலை. பட்டம் இல்லாமலே முறையாகப் பயிற்சி பெற்று, உயிர்களைக் காப்பாற்றிவரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா அப்படிப்பட்டவர்களால்தான் நடக்கிறது. பட்டத்தை மட்டுமே அளவுகோலாக்கினால் இவர்கள் ஒதுங்கிப்போவார்கள். கிராமத்தில் இருப்பவருக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள்? பயிற்சியையும் மேற்பார்வையில் செய்த பணியையும் விதிகளில் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

நண்பர்களே, ஆலோசனைக்குப் போகும்போது எங்கே படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.