ஒப்புக்குச் சப்பாணியும் வீடியோ கேமும்

புதிதாக ஒரு வீடியோ கேம் கிடைத்தால் என் பேரன் கதையையோ படத்தையோ முதலில் பார்ப்பதில்லை. நேராக செட்டிங்ஸ் பக்கத்துக்குத்தான் போகிறான். நடுவில் நிறுத்த முடியுமா, விட்ட இடத்தைச் சேமிக்க முடியுமா, பொத்தான்களை இடம் மாற்ற முடியுமா, எழுத்தைப் பெரிதாக்க முடியுமா, நெட் இல்லாமல் ஓடுமா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறான். ஒன்று குறைந்தாலும் "இந்தக் காலத்துல இதுகூட இல்லாம ஒரு கேமா தாத்தா?" என்று கேட்பான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

அவன் பட்டியலைக் கேட்கக் கேட்க எனக்குக் கீழ்புத்துப்பட்டில் நாங்கள் ஆடிய தெரு விளையாட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. இவன் கேட்பதில் பெரும்பாலானவை அங்கே இருந்தன. யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சேமிப்பு. 1990-களில் என் மகனுக்கு பர்மா பஜாரில் ஒரு 'டிவி கேம்' வாங்கி வந்தேன். அதில் மாரியோ இருந்தது. 1985-இல் வந்த அந்த ஆட்டத்தில் சேமிக்கும் வசதியே கிடையாது. ஏழாம் உலகம் வரை போயிருப்பான், கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. 1987-இல் அமெரிக்காவில் வெளியான 'செல்டா' கேசட்டுக்குள் சின்ன பேட்டரி வைத்து, ஆடியவன் விட்ட இடத்தை நினைவில் வைக்க வழி செய்தார்கள். எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் ஆயாவின் தாயக்கட்டம் இருந்தது. சாப்பாட்டு நேரம் வந்தால் காய்களை அப்படியே விட்டு எழுந்து போவார்கள். மறுநாள் வந்து அதே இடத்திலிருந்து ஆடுவார்கள். காயை நகர்த்தியவன் அடுத்த ஆட்டத்தில் சேர்க்கப்பட மாட்டான்.

அடுத்தது நிறுத்துவது. கிளித்தட்டில் ஒருவன் காலில் முள் குத்தி "டைம்" என்று கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும். முள்ளை எடுத்த பிறகுதான் ஆட்டம். இப்போது நூறு பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமில் ஒருவனுக்காக மற்றவர்களை நிறுத்த முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' போன்ற ஆட்டங்களில் தனியாக ஆடும்போதுகூட 'பாஸ்' பொத்தான் கிடையாது. அம்மா கூப்பிட்டால் என்ன செய்வது? பிள்ளைகள் கூப்பிட்ட குரலுக்கு வராததில் பாதிக் காரணம் இதுதான் என்று என் மருமகளிடம் நானே வாதாடியிருக்கிறேன்.

மூன்றாவதாக ஒப்புக்குச் சப்பாணி. எங்கள் பக்கத்தில் 'உப்புக்குச் சப்பாணி' என்றே சொல்வோம். மரக்காணம் பக்கம் உப்பளம் இருப்பதால் அந்த உப்புதான் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வோம். பெரியவர்கள் விடியலிலேயே உப்பு வாரப் போய்விடுவார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது பெரிய பிள்ளைகள் வேலை. மூன்று வயதுக் குழந்தையை ஓரமாக உட்கார வைத்தால் அழும். ஆகவே அதையும் ஆட்டத்தில் சேர்ப்போம். ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் அவுட் கிடையாது. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் ஆட்டத்தில் 'அசிஸ்ட் மோட்' என்று ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், விரும்பினால் சாகாமலும் ஆடலாம். பேரன் அதைக் காட்டியபோது "இது நம்ம சப்பாணிடா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆனால் எல்லோருக்கும் அது சரிவராது என்பதை அவன் நண்பன்தான் சொன்னான். எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற பையன். பிறவியிலேயே வலது கையில் இரண்டு விரல்கள்தான் முழுதாக இருக்கின்றன. "எனக்கு ஈசி மோட் வேண்டாம் ஐயா. பட்டனை இந்தப் பக்கம் கொண்டு வந்தாக் காணும்" என்றான். பொத்தான்களையெல்லாம் திரையின் இடது பக்கம் நகர்த்திக்கொண்டு ஆடுகிறான். என் பேரனை அநேகமாகத் தினமும் தோற்கடிக்கிறான். சலுகைக்கும் வசதிக்கும் உள்ள வித்தியாசம் அங்கே எனக்கு விளங்கியது. சப்பாணி என்ற சொல்லே கால் நடக்க இயலாதவரைக் குறிப்பது. அவன் சப்பாணியாக அல்ல, முழு ஆளாக ஆட்டத்தில் சேர வேண்டும் என்கிறான். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் பார்வை, செவி, கை அசைவு குறைந்தவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட அமைப்புகளைச் செய்து வைத்தார்கள். மனம் வைத்தால் முடிகிற வேலைதான்.

அந்தப் பையனுக்கு டொரன்டோவில் ஒரு பெரியம்மா மகள் இருக்கிறாள். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. அவளிடம் கன்சோல், இவனிடம் பழைய போன். 2017-க்கு முன்பு இரண்டும் சேராது. அந்த ஆண்டுதான் 'மைன்கிராஃப்ட்' போனையும் கன்சோலையும் ஒரே உலகத்துக்குள் விடத் தொடங்கியது. இங்கே ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் கோடையில் அங்கே காலை பத்தரை. இருவரும் சேர்ந்து, இவர்கள் பாட்டி விட்டுவிட்டு வந்த வீட்டைக் கட்டுகிறார்கள். கிணறு எந்தப் பக்கம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. பாட்டி போனைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். எழுத்து பெரிதாக வேண்டும் என்பதன் அருமை அவருக்குத் தெரியும்.

டொரன்டோ என்றதும் இன்னொன்று. அங்கே உள்ள விசை கேம்ஸ் 2023-இல் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்த சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிக்க வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்குவது என்று பேரன் யோசிப்பதற்குள் அவன் ஆயா பின்னாலிருந்து சொல்லிவிட்டாள். அவள் ஜெயித்த முதல் வீடியோ கேம் அது. மற்றபடி பெரிய ஆட்டங்களின் மொழிப் பட்டியலில் போலிஷ், துருக்கி, தாய் எல்லாம் இருக்கும், தமிழ் பெரும்பாலும் இருக்காது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் நாம் சுமார் 6.9 கோடிப் பேர்.

கடைசியாக, எனக்கு முக்கியமானது. நான் தொலைபேசித் துறையில் சேர்ந்து, 37 ஆண்டுகள் கம்பியும் கம்பமுமாக இணைப்புக் கொடுத்தவன். அதனால்தான் சொல்கிறேன், இணைப்பை நம்பி மட்டும் எதையும் செய்யக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கிய ஒரு கேம், ஒருவனே தனியாக ஆடுவது, நெட் இல்லை என்று திறக்க மறுத்துவிட்டது. "நான் வாங்கினதுதானே தாத்தா?" என்றான் பேரன். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடினோம். அதற்கு டவர் தேவைப்படவில்லை.

இது புயலோடு முடிகிற விஷயம் அல்ல. 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் ஆட்டத்தின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தேவை என்பதால், வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அது போய்விட்டது. அதைக் கண்டு கொதித்தவர்கள் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று இயக்கம் தொடங்கினார்கள். விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது, வாங்கியவன் தொடர்ந்து ஆட ஒரு வழி விட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மனுவுக்கு 2025-இல் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது.

அதைப் படித்ததும் எனக்கு டொரன்டோ பெண்ணும் இந்தப் பையனும் கட்டும் வீடுதான் நினைவுக்கு வந்தது. உடனே பேரனைக் கூப்பிட்டு, "அந்த உலகத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்க முடியுமா பாரு" என்றேன். முடியும் என்றான். இப்போது மாதம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வைக்கிறார்கள். ஒரு வீட்டை ஒருமுறை விட்டுவிட்டு வந்த குடும்பம் அது.

தெருவில் ஆடியபோது விதி எங்கள் கையில் இருந்தது. குழந்தை வந்தால் விதியை மாற்றினோம், முள் குத்தினால் நின்றோம், மழை வந்தால் திண்ணைக்கு மாறினோம். பெட்டிக்குள் இருக்கிற ஆட்டத்தில் விதி செய்தவன் கையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதை இந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்கட்டும். அவர்கள் கேட்பதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

உங்கள் ஊரில் ஒப்புக்குச் சப்பாணிக்கு என்ன பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.