பழைய கார் செட்டைக் கழற்றுமுன்



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திறந்தும் விலை நம் கைக்கு எட்டவில்லை. திருக்கோவில் முதல் கல்முனை வரை பழைய ஜப்பான் கார்கள் இன்னும் ஓடுகின்றன. போனில் உள்ளதைக் கேட்பதற்காகப் பலர் அதிலுள்ள கெசட் செட்டைக் கழற்றி எறிகிறார்கள்.

கழற்றத் தேவையில்லை. கெசட் வடிவிலேயே அடாப்டர் இருக்கிறது. அதிலுள்ள சிறு ஹெட், போனின் ஒலியைக் காந்தப் புலமாக்கி செட்டின் ஹெட்டுக்குக் கொடுக்கும். இல்லாவிட்டால் லைட்டர் சொக்கெட்டில் செருகும் எப்.எம். மொடியூலேட்டர் போதும். ஜப்பான் செட்டுகள் பெரும்பாலும் 76 முதல் 90 வரைதான் பிடிக்கும். 88, 89 பக்கம் வானொலி இல்லாத இடத்தில் வையுங்கள். 100இல் வைத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

முக்கியமான விசயம் இனித்தான். எண்பது, தொண்ணூறுகளில் சவூதி, குவைத், கட்டார் போன நம்மவர்கள் கெசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில அலுமாரிகளில் அவை இன்னும் கிடக்கின்றன. மௌத்தானவர்களின் குரல் அதற்குள் இருக்கிறது. வீட்டு ரேடியோ எப்போதோ பழுதாகிவிட்டது. போட்டுக் கேட்க மிஞ்சியிருப்பது கார் செட்தான்.

முதலில் வேண்டாத ஒரு கெசட்டைப் போட்டு நாடா சிக்குகிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜினை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, போனில் பதிவு செய்யுங்கள். பதிந்ததை உம்மாவுக்கும் சாச்சாமாருக்கும் அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு செட்டை மாற்றலாம்.