கொலராடோ மலைகளில் – 4: இருட்டுக்கும் சேர்த்துக் கட்டிய மூட்டை

மீக்கர் ஊர் விடுதியில், விடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே, பெரியவர் என் பையைக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டார். இவர் என் மகளின் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், 70 வயதைத் தாண்டியவர். ஆண்டுதோறும் அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்கு மலையேறுகிறவர். கூடவந்து பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, என் பையைத் தான் சோதிக்கலாம் என்றால் வரலாம் என்று சொல்லியிருந்தார்.

டென்வரில் ஒரு கடையில் ‘காட்டில் உயிர்காக்கும் பெட்டி’ என்று 60 டாலருக்கு ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார்கள். உள்ளே தூண்டில் முள், கம்பி ரம்பம், பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி. பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “இதில் எது உங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றும்?” என்று கேட்டார். எதுவும் இல்லை. 9,000 அடிக்கு மேல் ஒருவன் பசியால் சாக வாரக்கணக்கில் ஆகும். நனைந்த உடம்போடு காற்றில் உட்கார்ந்தால் ஒரே ராத்திரி போதும். அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தூண்டில் முள்ளை விற்கிற வியாபாரம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் ஜீன்ஸும் பருத்திப் பனியனும் விடுதியிலேயே தங்கிவிட்டன. வியர்வையில் ஊறிய பருத்தி லேசில் காயாது, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்புத் தரும் என்று தன்னுடைய கம்பளிச் சட்டையையே கொடுத்தார். இன்னொன்றை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிப் பைக்குள் வைத்தார். அது ராத்திரிக்கு மட்டும். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் தொடக்கூடாது. கட்டட வேலைக்காரர்கள் இடிபாடு அள்ளும் தடித்த குப்பைப் பை ஆளுக்கு இரண்டு. உட்காரும் அளவுக்கு வெட்டிய ஃபோம் பாய். வாஸ்லைன் தடவிய பஞ்சு ஒரு டப்பா. லைட்டரை மட்டும் பையில் வைக்க விடவில்லை. குளிரில் அதன் வாயு எழும்பாதாம், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும். தண்ணீர் வடிகட்டியும் அப்படியே. ஒருமுறை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

“இன்றைக்கே திரும்பிவிடுவோம் இல்லையா?” என்றேன்.

“சட்டத்தைப் படியுங்கள்” என்றார். கொலராடோவில் சூரியன் உதிக்க அரைமணி முன்பிலிருந்து மறைந்து அரைமணி வரை சுடலாம். எல்க் மரக்கூட்டத்தைவிட்டுப் புல்வெளிக்கு வருவது அந்தக் கடைசி அரைமணியில்தான். பெட்டை எல்க்கே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை விழுந்த இடத்திலேயே வெட்டிப் பிரித்துத் தூக்கவேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக விட்டுவந்தால் குற்றம். ஆக, வேட்டை பலித்தாலே இருட்டிவிடும்.

மீக்கரிலிருந்து டிராப்பர்ஸ் ஏரிவரை உள்ள தூசிச் சாலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏரியைப் பற்றி உண்டு. 1919இல் அதைச் சுற்றிச் சாலை போடவும் கோடைக்கால வீடுகளுக்கு மனை பிரிக்கவும் அளந்து வரும்படி வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் அளந்துவிட்டு, இங்கே எதுவும் கட்டாதீர்கள் என்று எழுதினார். இன்றும் கரையில் வீடுகள் இல்லை. அதற்கு முன்னால் இது யூட் பழங்குடி மக்களின் வேட்டை நிலம். 1879இல் அரசோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவர்களை யூட்டாவுக்குத் துரத்திவிட்டார்கள். மீக்கர் ஊர் தாங்கியிருப்பது அந்த மோதலில் கொல்லப்பட்ட அரசு அதிகாரியின் பெயரை. யூட் பெயர் ஒன்றாவது வைத்திருக்கலாம்.

பெரியவர் சொன்னபடியே ஆயிற்று. மேற்கில் வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கையில் ஒரே தோட்டா, எல்க் விழுந்தது. நெற்றி விளக்கில் வெட்டி முடித்து, துணிப்பைகளில் கட்டி, கரடி வந்தாலும் எங்களிடம் வராதபடி நூறடிக்கும் அப்பால் கிளையில் தொங்கவிட்டோம். ஓடையில் கை நனைக்காமல் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய்த்தான் கழுவினார். இந்தச் சுத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

விளக்கு இருக்கிறதே, நடந்துவிடலாம் என்று நான் வாதாடினேன். பெரியவர் குரலை உயர்த்தாமல் மறுத்தார். வழி முழுக்க 2002 காட்டுத்தீயில் கருகி நிற்கும் மரங்கள். வேர் செத்தவை; காற்றடித்தால் எது எப்போது சாயும் என்று சொல்லமுடியாது. பகலில் அண்ணாந்து பார்த்து நடக்கலாம், இரவில் முடியாது. எனக்குக் கோபம்தான், ஆனால் பதில் இல்லை.

பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும் என்று கொஞ்சம் மேடேறி, பச்சையாக நின்ற ஸ்ப்ரூஸ் மரங்களின் அருகே இடம் பிடித்தார். அடிமரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சுள்ளிகள் பனியிலும் நனையாமல் இருந்தன. பஞ்சு பற்றியது, சுள்ளி பற்றியது. பிறகு சாட்டிலைட் கருவியில் மனைவிக்குச் செய்தி: நலம், இன்றிரவு வரவில்லை. காலை பத்து மணிக்குள் அடுத்த செய்தி வராவிட்டால் அந்த அம்மாள் ஷெரீஃபை அழைப்பார். தேடிவருகிறவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

“பல் மருத்துவர், தச்சர், பள்ளி ஆசிரியை என்று யார் யாரோ படுக்கையைவிட்டு எழுந்து வருவார்கள். நான் ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவரச் சோம்பல்பட்டதற்காக அவர்கள் இந்த மரங்களுக்கடியில் நடக்கலாமா?”

என் கோபம் அங்கேயே போயிற்று. வியர்த்த சட்டையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டி, ஃபோம்மேல் உட்கார்ந்து, குப்பைப் பைக்குள் கழுத்துவரை இறங்கினோம். எல்க்கின் முதுகுச்சதையைக் குச்சியில் குத்தி வாட்டி, உப்பு மட்டும் தூவிக் கொடுத்தார். அமெரிக்காவில் நான் உண்டதில் ருசியான சாப்பாடு அதுதான். தூக்கம் வரவில்லை. அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். நான் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். நெருப்பு அவியும்போதெல்லாம் முறைவைத்து எழுந்தோம். குளிர்ந்தது, ஆனால் நடுங்கவில்லை.

காலையில் எட்டு மணிக்கே செய்தி அனுப்பிவிட்டு இறைச்சியைச் சுமக்கத் தொடங்கினோம். அதில் கால்வலி தவிர ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் யாம்பா ஊர். அங்கே பார்க்க அதிகமில்லை, ஒரு பக்கத்தில் முடித்துவிடுவேன்.