பட்டுத் தலையணை

அக்டோபர் 7, செவ்வாய்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், எம்.ஆர்.டி. வசதியை உத்தேசித்து என்னோடு தங்கத் தொடங்கிய நாள் முதலாக, காஜாங்கின் இந்தப் பழைய வீட்டில் காலை ஆறு மணிக்கு முன்பே ஒரு யுத்தம் நடப்பது வழக்கமாகிவிட்டது. யுத்தம் அவளுக்கும் அவளுடைய கூந்தலுக்கும் இடையில்தான். இடுப்புக்குக் கீழ் இறங்கும் கேசத்தை இரவெல்லாம் விரித்துப் போட்டுத் தூங்கிவிட்டு, விடிந்ததும் பிடரியில் திரண்டிருக்கும் சிக்கைச் சீப்பால் இழுத்து, அறுந்துவந்த மயிரைச் சுருட்டிக் குப்பையில் எறிந்து, ரயில் போய்விடுமே என்ற பதற்றத்தில் மிச்சச் சிக்கை உள்ளேயே மறைத்துக் கொண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறாள்.

இன்று மாலை, இந்த மாதத்துக்கே உரிய இடிமழை விட்ட பின் வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு தட்டையான பெட்டியை எடுத்து, நகைக்கடைச் சரக்கைக் காட்டுகிற பாவனையில் என் மேசைமேல் வைத்தாள். உள்ளே தந்த நிறத்தில் ஒரு தலையணை உறை. "இருபத்திரண்டு மொம்மி பட்டு, பெரியம்மா" என்றாள். விலையைக் கேட்டதற்கு, "அதை மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் போய்விட்டாள். பெட்டியின் அடியில் சீட்டு ஒட்டியிருந்தது. இருநூறு வெள்ளிக்கு மேல்.

மொம்மி என்பது பட்டை நிறுக்க ஜப்பானியர் வைத்துக்கொண்ட கணக்கு. ஒரு மொம்மி, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.34 கிராம், ஆகவே இந்த உறையின் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 95 கிராம். எண் ஏற ஏறத் துணி கனக்கும், நாள்பட உழைக்கும். வழுவழுப்புக்கும் அதற்கும் நேரான சம்பந்தம் இல்லை. அதைப் பெட்டியில் யாரும் அச்சிடவில்லை. அச்சிட்டிருந்தது வேறு: பருத்தி கூந்தலின் ஈரத்தைக் குடித்துவிடும், பட்டு குடிக்காது என்று.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்திய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டபாடில்லை. நூலை எடைபோட்டு விற்கும் வர்த்தகத்தார், ஒவ்வோர் இழையிலும் இயல்பாகத் தங்கும் ஈரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பருத்திக்கு 8.5 சதவீதம், பட்டுக்கு 11, பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சுபாவத்தில் பட்டு பருத்திக்கு ஒரு படி மேல். சொட்டச் சொட்ட நனைந்த தலையின் நீரைச் சட்டென்று இழுப்பதில் பருத்தி கெட்டிதான்; ஆனால் உலர்ந்த கூந்தலோடு படுப்பவருக்கு, அதிலும் அலமாரியில் வைத்த செருப்பே பூஞ்சணம் பூக்கும் இந்தச் சீமையில் படுப்பவருக்கு, தலையணை ஈரத்தைத் திருடிவிடும் என்று பயங்காட்டுவது வியாபார சாமர்த்தியமேயன்றி வேறில்லை. பட்டினால் பிரயோஜனம் உண்டென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

விளக்கு வைத்த பிறகு அவளுடைய சீப்பிலிருந்து ஒரு நீண்ட மயிரை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னுமாக மெல்லத் தேய்த்தேன். மயிர் ஒரே பக்கமாக ஊர்ந்தது. முனை மாற்றிப் பிடித்துத் தேய்த்தால் எதிர்ப் பக்கமாக ஊர்ந்தது. எப்படிப் பிடித்தாலும் வேர் இருந்த திசையை நோக்கியே அது நகர்கிறது, "இதென்ன மாயம்?" என்று அவளும் குனிந்து இரண்டு மூன்று மயிரைத் தேய்த்துப் பார்த்துவிட்டாள்.

மாயம் ஒன்றுமில்லை. மயிரின் மேற்பரப்பு மெல்லிய செதில்களால் ஆனது. அத்தாப்புக் கூரையில் ஓலைமேல் ஓலை அடுக்கியதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விளிம்புகள் அனைத்தும் நுனியைப் பார்த்து நிற்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் சொரசொரக்கும். கம்பளி கசங்கித் திரண்டு கட்டியாவதும் இதனால்தான். திருப்பதியில் காணிக்கையாக இறக்கும் முடியைச் சவுரிக்கு வாங்குகிறவர்கள், வேர்முனையும் நுனிமுனையும் ஒன்றோடொன்று மாறிக் கலக்காமல் கட்டிய முடிக்குக் கூடுதல் விலை தருவதும் இதே காரணத்தால்தான். மாறிக் கலந்த முடி சிக்குப் பிடித்தே தீரும்.

தூங்குகிறவர் புரளும்போதெல்லாம், தலையின் பாரத்துக்கும் தலையணைக்கும் நடுவே அகப்பட்ட கூந்தல் இழுபடுகிறது. அந்த இழுப்பு எந்தத் திசையில் என்பதைத் தூக்கம் தீர்மானிக்கிறது. பருத்தியிழை ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் அளவே நீளமுள்ளதாகையால், நூலாக முறுக்கிய பின்பும் எண்ணற்ற முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு, செதிலுக்குச் செதில் மாட்டி இழுக்கின்றன. பட்டுப்புழுவோ ஒரு கூட்டை ஒரே இழையால் கட்டி முடிக்கிறது. ஓர் இழை ஆயிரம் மீட்டர் வரையிலும் ஓடுவதுண்டு. அதில் நீட்டிக்கொண்டிருக்க முனை ஏது? அந்த இழையைச் சாட்டின் நெசவில் போட்டால், ஒவ்வொரு பாவு இழையும் நான்கு ஊடைக்குக் குறையாமல் தாண்டிய பிறகே ஒன்றின் அடியில் முங்கும். மேற்பரப்பில் மேடுபள்ளம் குறைந்து மயிர் சறுக்கிக்கொண்டு போகிறது. பாலியெஸ்டரும் முனையற்ற நீள இழையாகவே ஆலையில் வருவதால், அதே நெசவில் அதுவும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். உராய்வு குறைவதுதான் இதில் உள்ள முழு லாபம். மற்றவையெல்லாம் பெட்டியின் அலங்காரம் என்பது என் அபிப்பிராயம்.

நுனி மயிருக்கு இவ்வளவு தாட்சணியம் காட்டுவதில் நியாயமும் உண்டு. கேசம் மாதத்துக்கு ஒன்றே கால் சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. இவளுடைய தொண்ணூறு சென்டிமீட்டர்க் கூந்தலின் நுனிக்கு வயது ஆறு. அவள் பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்த வருஷத்து மயிர் அது. அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் இரவு எதன் மேலெல்லாம் தேய்ந்திருக்கிறதோ, அதன் செதில்கள் பாதி இப்போது இருக்கவே இரா.

அக்டோபர் 11, சனி

1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் கன்று நட்டதிலிருந்து காஜாங்கின் சரித்திரம் அந்த மரத்தோடு பின்னிக் கிடக்கிறது. என் தாயாரின் கேச சாஸ்திரமும் அப்படியே. அவர் இவ்வூரை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருள் பிரியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகையில் கூந்தலை இறுக்கிச் சுருட்டி அதன்மேல் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். பால் பிடிக்கும் மங்கிலிருந்து தெறித்த பால் மயிரில் பட்டு ஒட்டுப்பாலாக இறுகினால் எந்தச் சீப்புக்கும் மசியாது, கத்தரித்துத்தான் எடுக்கவேண்டும். உச்சிப்பொழுது கழிந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டால், லயத்து வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கடைசி இழை உலரும்வரை எழுந்திருக்கமாட்டார். அந்திக்குத் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு. பிறகு மூன்று காலில் ஒரு தளர்ந்த பின்னல். நுனியில் பழஞ்சேலையில் கிழித்த நாடா. தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? இருந்தும் இராத்திரியில் எங்கள் தலையில் ஒரு ரப்பர் வளையம் ஏற அவர் விட்டதே இல்லை. காலையில் அதோடு பத்து மயிர் அறுந்துவரும் என்பது அவருடைய கட்சி.

"ஈரத் தலையோட படுத்தா நீர் கோத்துக்கும்" என்று அவர் சொன்ன காரணத்தை வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் அந்த விதியை மயிர் ஒப்புக்கொள்கிறது. நனைந்த மயிர் ஏறத்தாழ 15 சதவீதம் பருத்துவிடும், செதில்கள் நிமிரும், உள்ளே பிணைத்திருக்கும் கட்டுகள் நெகிழ்ந்து இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். அந்த நிலையில் அதைத் தலைக்கடியில் கொடுத்து ஏழு மணிநேரம் நசுக்குவதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. தலையணையில் கெகாபு என்கிற இலவம்பஞ்சை அடைத்து, வெளுத்து வெளுத்து நைந்த பருத்தி உறை போட்டிருப்பார். சயனத்தில் பட்டு என்பது அவர் கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் அறுபது வயதில் அவர் பின்னல் என் மணிக்கட்டைவிடப் பருமனாக இருந்தது. பின்னிவிட்ட கூந்தலில் பெரும்பகுதி உள்ளே அடங்கிவிடுகிறது. தேய்வது வெளிப்புறம் மட்டும்தான். துணியை மாற்றாமலே உராய்வைக் குறைத்திருக்கிறார்.

இதைச் சொன்னால் இவள், "பின்னினா காலையில வளைவு வளைவா நிக்குது பெரியம்மா, ஆபீசுக்கு எப்படிப் போறது?" என்கிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

எதிர்பார்த்தபடியே பட்டு உறையில் எண்ணெய்க் கறை, தலை பதிந்த வடிவத்தில். பட்டை விற்கிற ஊர்களில் கூந்தலுக்கு எண்ணெய் வைக்கும் ஜாதியார் இருப்பதாகவே நினைப்பதில்லை போலும். எண்ணெயை விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 2003இல் மும்பையின் மாரிக்கோ நிறுவனத்து ரேலே, மோஹிலே என்ற இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் மயிரில் சோதித்து, தேங்காயெண்ணெய் ஒன்றே மயிருக்குள் புகுந்து அதன் புரதம் கழுவுண்டு போவதைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். அந்த நிறுவனம் தேங்காயெண்ணெய் விற்பது என்பதையும் மறக்காமல் குறித்துவைக்கிறேன். எனினும் என் தாயாரின் அனுபவமும் அதே பக்கம்தான் சாய்கிறது.

ஆகவே உறை ஒன்று போதாது, மாற்றி மாற்றிப் போட மலிவாகச் சில வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் தையலில் கைதேர்ந்தவர். ஜிம் தாம்சன் பட்டு வாங்கலாமே என்று முதலில் யோசனை சொன்னார். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26ஆம் தேதி கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவை விட்டு உலாவப் போனவர் திரும்பவேயில்லை என்ற கதையை இந்நாட்டுப் பெரியவர்கள் இன்றும் சலிக்காமல் பேசுவார்கள். மக்சிக்கும் ஒரு மணிநேரம் பேசினார். ஆனால் கையால் நூற்ற தாய்லாந்துப் பட்டில் திரித்திரியாக முடிச்சோடுவதுதான் அழகு. சேலைக்கும் சட்டைக்கும் சிலாக்கியம், கூந்தலுக்கு ஆகாது.

கடைசியில் என் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மைசூர்ப் பட்டுச் சேலையை எடுத்தேன். ரஜூலா கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்தது; மடிப்பில் மடிப்பில் இற்றுப்போயிருந்தது. சரிகைக் கரையை முழுவதும் வெட்டி நீக்கினோம், அது அரம் மாதிரி. உடலில் மூன்று உறைக்கான துணி தேறிற்று. முறுக்கிய நூல் நெசவாதலால் சாட்டின் அளவுக்கு வழுக்காது. ஆனால் அறுபது வருஷத் துவைப்பில் அதன் ஸ்பரிசம் அப்படிக் கனிந்திருக்கிறது. பட்டுக்காகப் புழுவைக் கொல்கிறார்களே என்று காஞ்சிப் பெரியவர் பட்டே வேண்டாமென்று சொல்லிவந்தார். பழையதை வெட்டுவதில் அந்தத் தோஷம் புதிதாகச் சேராது என்று நானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மக்சிக் தம் பங்குக்கு, யாருக்கோ பாஜு குரோங் தைத்து மிஞ்சிய பாலியெஸ்டர்ச் சாட்டினில் இரண்டு உறை தைத்துத் தந்தார். கூலியாக வெள்ளி எதுவும் வாங்க மறுத்து, தீபாவளி முறுக்கில் ஒரு டின் கேட்டிருக்கிறார்.

அக்டோபர் 18, சனி

பாலியெஸ்டர் உறையில் சிக்கு விழவில்லை. ஆனால் காற்றாடியின் கீழும் கழுத்து வேர்க்கிறது என்று இவள் நடுநிசியில் எழுந்து தலையணையைத் திருப்பிப் போட்டாளாம். ஈரம் வாங்காத இழைக்கு இது இயற்கை. குளிர்சாதனம் உள்ள அறைக்கு அது போதும், காற்றாடி அறைக்குப் பட்டுத்தான். மைசூர்ப் பட்டில் காலைச் சிக்கு முன்பு வந்ததில் பாதிக்கும் குறைவு. நேற்றிரவு வேண்டாவெறுப்பாக ஒரு தளர்பின்னலும் போட்டுக்கொண்டதால் இன்று சீப்பு நேராக இறங்கியது. வளைவைப் பற்றிய புகாரைக் காணோம், இன்று விடுமுறை.

அந்தக் காலத்து ஜப்பானில் கெய்ஷாப் பெண்கள் சிங்காரித்த கொண்டை கலையாமலிருக்கக் கழுத்தை மட்டும் தாங்கும் உயரமான கட்டைத் தலையணையில் படுத்தார்கள் என்று சொன்னேன், "கழுத்து சுளுக்கிக்காதா?" என்று சிரித்தாள். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் சாட்டின் குல்லாய் அணிந்து தூங்குவதைப் பற்றி என்னைவிட அவளுக்கே அதிகம் தெரிந்திருந்தது. அவர்களுடைய தலைத்துணிக்கு ஒரு துயர சரித்திரமும் உண்டு: 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மிரோ, அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடியே நடமாடவேண்டும் என்று உத்தரவிட்டார், அவர்கள் அந்தத் துணியையே பகட்டான அலங்காரமாக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். குல்லாய் ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்பது இவளுடைய அடுத்த திட்டம். புரள்கிற தலையோடு குல்லாயும் புரளுமாதலால், தலையணை உறையைவிட அது ஒருவகையில் மேல்தான். நெற்றியில் மீள்நாடா இறுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

துவைப்பதுதான் என் பொறுப்பில் விழுந்திருக்கிறது. கட்டிச் சவர்க்காரத்தின் காரம் பட்டை அரித்துவிடும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, வெயில் படாத பின்கட்டுக் கொடியில் போடவேண்டும், வெயில் பட்டைப் பழுக்கவைத்து இற்றுப்போகச் செய்யும். பாலியெஸ்டருக்கு இந்த உபசாரம் எதுவும் தேவையில்லை. எண்ணெய் வாடையை மட்டும் லேசில் விடாது, வெந்நீர் கேட்கிறது.

மாலையில் முறுக்கு டின்னோடு போனபோது மக்சிக், மிஞ்சிய சாட்டின் துண்டைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார். துடோங் முக்காட்டுக்கு உள்ளே அணியும் பருத்திக் குல்லாயால் அவருடைய மகளுக்கு நெற்றியோர மயிர் தேய்ந்து போகிறதாம். அதற்கு உட்பக்கம் சாட்டின் கொடுத்தால் என்ன என்று கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் தலை உலர்ந்த பிறகே அணியச் சொல்லுங்கள் என்றேன். காலையில் குளித்த கையோடு கட்டிக்கொண்டு ஓடுகிறவள் அவள், அது நடக்காது என்றார்.